உப்பு வாங்கப் போன டேவி

"நில். ஆர் அங்கை?" என்று கட்டிலில் இருந்தபடி ஆர்ச்சி டன்பார் அதட்டியதும் சிவமலர் வாசலிலேயே நின்றாள். வெந்நீர்க் கிண்ணத்தை மேசை ஓரத்தில் வைத்தாள், கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைக் கழற்றி நீட்டினாள். ஆர்ச்சி அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். "போகலாம்" என்றார். ஒவ்வொரு காலையும் இது நடக்கிறது. மனிதருக்கு எண்பத்திரண்டு வயது, காலை சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை, மகனின் பெயர் சில நாள் வருகிறது சில நாள் வருவதில்லை, ஆனால் இந்தச் சோதனை மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. தொடங்கி வைத்தது அவள்தான். டண்டீ நகரத்தின் இந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாள், தேநீர்த் தட்டோடு இதே வாசலைத் தாண்டியபோது உள்ளே இருந்து ஒரு குரல் நில் ஆர் அங்கை என்று இடித்தது. அது ஒரு பாட்டின் நடுவில் வரும் வரி, காவல் நிற்கிற சென்றிக்காரன் தன் சொந்த நிழலைப் பார்த்துக் கத்துகிற பகிடி, வேடிக்கை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தட்டு எங்கே போனது என்று தெரியாது. ஊரில் ஆமி மறிக்கிறபோது நிற்கிற மாதிரி, இரண்டு கையாலும் அட்டையைப் பிடித்து நீட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருடம், ஆறு மாதத்துக்கு மேல் வெயில் எறிக்காத ஒரு நாட்டில், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு. வேறு யாரும் என்றால் சிரித்திருப்பார்கள், இல்லையென்றால் ஐயோ என்ன நடந்தது என்று கட்டிப்பிடித்து மானத்தை வாங்கியிருப்பார்கள். ஆர்ச்சி இரண்டும் செய்யவில்லை. எழுந்து நேராக நின்று அட்டையை வாங்கி, கவனமாக வாசித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "எல்லாம் சரியாயிருக்கு பிள்ளை, போகலாம்" என்றார். ஆர்ச்சியும் ஒரு காலத்தில் ஆமியில் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது; வாழ்நாளில் ஒரு ஆமிக்காரன் அவளுக்கு அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

பிள்ளை என்று அவர் சொல்லவில்லை, கோழி என்றார். இந்த ஊரில் பெண்களை வாரப்பாடாக, அன்பாகக் கூப்பிடும் விதம் அது, கடைக்காரனும் கூப்பிடுவான் பஸ்காரனும் கூப்பிடுவான். அவள் காதில் மட்டும் அது பிள்ளை என்று விழப் பழகிவிட்டது. ஆர்ச்சி பேசுவது எல்லாமே அவளுக்கு யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் விழும். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்களின் இங்கிலீசு ஒன்று, ஆர்ச்சியின் வாயில் வருவது வேறொன்று, அது இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். லண்டனில் இருந்து வந்த டொக்டர் ஒருத்தி ஆர்ச்சி சொன்னதைப் புரியாமல் முழித்தபோது சிவமலருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம், ஒரே புளுகம். இந்தியாக்காரர் எங்கட கதையைக் கேட்டு முழிக்கிற அதே முழி. அன்றைக்கு அவள்தான் ஆர்ச்சி சொன்னதை டொக்டருக்கு இங்கிலீசில் மாற்றிச் சொன்னாள். நாட்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கரவெட்டிக்காரி ஒருத்தி நின்று மொழிபெயர்த்தாள் என்று இரவு புருசன் யோகனுக்குச் சொல்லிச் சிரித்தாள். மகள் ஆரணியும் சிரித்தாள். அப்போதெல்லாம் வீட்டில் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து சிரிக்கிற வழக்கம் இருந்தது.

இன்றைக்கு ஆரணி போகிறாள். காலை ரெயில். யோகன் காரில் கொண்டுபோய் விடுவான். இந்த நேரம் வெளிக்கிட்டிருப்பார்கள், அல்லது வெளிக்கிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆரணி இன்னும் மேல்மாடியில் எதையோ தேடிக்கொண்டிருப்பாள், எப்போதும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான். சிவமலருக்கு இன்று வேலை இல்லாத நாள். வேலையைக் கேட்டு வாங்கி வந்தாள். பிள்ளை ஆமிக்குப் போகிற நாளில் வீட்டில் இருந்து என்ன செய்வது, பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக் கொடுப்பதா, நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவதா? விடியப்புறம் அவள் வெளிக்கிடும்போது ஆரணியின் அறையில் வெளிச்சம் இருந்தது, கதவுக்குக் கீழே ஒரு கோடு. கதவுக்கு வெளியே செருப்பைப் போட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே இருந்தவளும் அசையாமல் நின்றிருப்பாள், அவளுக்குத் தெரியும், தன் வயிற்றில் பிறந்தது. இரண்டு பேரும் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்றுவிட்டு ஒருத்தி வேலைக்கு வந்துவிட்டாள். சிவமலர் அந்தச் சொல்லைச் சொன்ன நாளில் இருந்து கதை பேச்சு இல்லை. "அந்த உடுப்போடை இந்த வீட்டு வாசல் மிதியாதை." வேறு ஏதும் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்தது அதுதான்.

"என்ன பிள்ளை, தண்ணி ஆறப்போகுது" என்றார் ஆர்ச்சி.

"ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டு அவள் துவாயை அவர் கழுத்தைச் சுற்றிச் செருகினாள். மின்சார ரேசர் அவருக்குப் பிடிக்காது, தூரிகையும் வட்டச் சவுக்காரமும் பழைய பிளேட் ரேசரும்தான், அதுவும் சிவமலரின் கையால்தான். வேறு யாரும் வந்தால் வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். கிண்ணத்தில் தூரிகையைச் சுற்றினாள். நுரை எழும்பியது. அந்த வாசம் எழும்பும்போது மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்வது அவள் பழக்கம், பிறகு மெதுவாக விடுவாள். வெள்ளைச் சவுக்காரத்தின் வாசம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். வலது கன்னத்தில் நுரையைப் பூசினாள், நாடியில், கழுத்தில், இடது கன்னத்தில். ஆர்ச்சி தொண்டையைச் செருமினார். ரேசர் கன்னத்தில் பட்டதும் பாட்டுத் தொடங்கிவிட்டது. இதுவும் வழக்கம். வலது கன்னத்துக்கு முதலாம் அடி, மேலுதட்டுக்குச் சார்ஜன், நாடிக்குக் கொடி ஏற்றம், கழுத்துக்குச் சண்டை, இடது கன்னத்துக்கு வீடு திரும்பல். எத்தனை மயிர் எங்கே எந்தத் திசையில் முளைக்கிறது என்று பார்க்க வேண்டியதே இல்லை, பாட்டோடு போனால் கை தானாகப் போகும்.

உப்பு வாங்கப் போனான் டேவி சந்திக் கடைக்கு, கொப்பளிக்கக் குடிச்சுப்போட்டுச் சேர்ந்தான் படைக்கு. அடுப்பிலை கஞ்சி கொதிக்குது, அம்மா கேக்கிறாள், உப்பு எங்கை உப்பு எங்கை வாசல் பாக்கிறாள். ஆர்ச்சி பாடுவது அவருடைய பாஷையில். அவள் தலைக்குள் ஓடுவது இது. எப்போது தமிழாக மாறியது என்று அவளுக்கே தெரியாது, யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, ஆயிரம் தரம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சொல்லாகத் தானே உடுப்பு மாற்றிக்கொண்டது. கஞ்சிக்கு உப்புப் போடுகிற சனம் இது. சீனி போட்டால் ஆர்ச்சி தட்டைத் தள்ளிவிடுவார். தாய் உப்பு வாங்கி வா என்று மகனைச் சந்திக்கு அனுப்புகிறாள், சந்தியில் ஆள் சேர்க்கிற சார்ஜன் ஒருவன் போத்தலோடு நிற்கிறான், மகன் ஆமியின் சிவப்புக் கோட்டோடு போகிறான், தாய்க்கு மகன் ஆமியில் சேர்ந்தது பெரிதில்லை, உப்பு வரவில்லை என்பதுதான் கோபம். இவ்வளவுதான் பாட்டு. சண்டைக்குப் போனாலும் அவள் கேட்பாள் உப்பு எங்கை, ராசா வந்து நின்றாலும் கேட்பாள் உப்பு எங்கை. முதலில் சிவமலருக்கு இந்தப் பாட்டு விளங்கவில்லை, மெட்டுப் பிடித்தது, குதித்துக் குதித்து ஓடுகிற மெட்டு. ஒரு நாள் சொற்கள் விளங்கின. விளங்கிய அன்றைக்குக் கையில் இருந்த அழுக்குத் துணியோடு துணி தோய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. சிரிப்புத்தான் வந்தது, முதலில். அம்மாவை யார் இங்கே கொண்டுவந்து இந்தப் பாட்டுக்குள் விட்டது என்று நினைத்தாள்.

ஊரில் யுத்தத்தால் சவுக்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் முடிந்து கடைகளுக்குச் சவுக்காரம் வரத் தொடங்கிய நேரம். குகன் அண்ணாவை அம்மா சவுக்காரம் வாங்க அனுப்பினாள். வெள்ளை எடு, நீலம் எடாதை என்று வாசல் படலை வரை போய்ச் சொன்னாள். சந்தியில் ஆமியின் காவல் சென்றி. சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும், அண்ணா இறங்கித்தான் போனான், பார்த்தவர்கள் சொன்னார்கள். சைக்கிள் மட்டும் வேலியோடு சாய்ந்து கிடந்தது. பிறகு எல்லாரும் எங்கெங்கோ போய் யார் யாரையோ கேட்டார்கள், அழுதார்கள், மனு எழுதினார்கள். அம்மா அழவில்லை. வாசலைப் பார்த்து, "சவுக்காரம் வாங்கப் போனவன் இன்னும் வரேல்லை" என்பாள். அவ்வளவுதான். வீட்டுக்கு ஆள் வந்தால் சொல்லுவாள், "உடுப்பெல்லாம் ஊறப்போட்டுக் கிடக்குது, இவன் சவுக்காரத்தைக் கொண்டு வாறானில்லை." மாதக்கணக்காக, வருடக்கணக்காக. சனங்கள் தலைக்குத் தட்டிவிட்டது என்று கதைத்தார்கள். சிவமலருக்கும் வெட்கமாக இருந்தது, பத்தொன்பது வயது, அம்மா அழ வேண்டிய மாதிரி அழுதால் என்ன என்று இருந்தது. அம்மா சாகும் வரைக்கும் காணாமல் போனவன் என்று சொல்லவே இல்லை. கடைக்குப் போனவன் என்றுதான் சொன்னாள். கடைக்குப் போனவன் வந்துதானே ஆக வேண்டும். இதை விளங்கிக்கொள்ள சிவமலருக்கு, கடலுக்கு இந்தப் பக்கம், கஞ்சி மணக்கும் ஒரு அறையில், வேறு சனத்தின் பகிடிப் பாட்டு ஒன்று தேவைப்பட்டது. யார் கட்டினானோ, பெயர் தெரியாத ஒரு ஆமிக்காரன், எந்த முகாமின் எந்த மூலையில் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு கட்டினானோ, அவனுக்குத் தாய்மாரைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அழுது பாடியிருந்தால் ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டிருப்பாள். சிரிக்க வைத்துவிட்டான், அதனால்தான் தினமும் கேட்கிறாள்.

ரேசரை வெந்நீரில் அலம்பினாள். மேலுதடு. ஆர்ச்சி வாயை உள்ளே இழுத்துக்கொண்டு மூக்கால் பாடினார், சார்ஜன் பகுதி எப்போதும் மூக்கால்தான், சார்ஜனுக்கும் மூக்கால் பேசுகிற வியாதி என்று வைத்துக்கொள்ளலாம். டேவிக்கு இடது கால் எது வலது கால் எது என்று தெரியாது. சார்ஜன் இடது காலில் வைக்கோல் கட்டிவிடுகிறான். வைக்கோல் கால், வெறுங்கால், வைக்கோல் கால், வெறுங்கால். அணிவகுப்பு நடக்கும்போது படைக்குச் சொந்தமான கிடாய் ஆடு வந்து வைக்கோலைத் தின்றுவிடுகிறது. படை முழுக்க ஒரே திசையில் திரும்ப டேவி மட்டும் ஆட்டோடு மற்றத் திசையில் போகிறான். போதாக்குறைக்கு ஆம்பிளைகளுக்குக் கொசுவம் வைத்த பாவாடை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் சலூட் அடிக்க வேண்டும். என்ன பாட்டு இது. ஒரு நாட்டின் படை, தன் கொடியை, தன் சார்ஜனை, தன் பாவாடையைப் பற்றியே இப்படிப் பாடிக்கொண்டு நடந்திருக்கிறது, அதுவும் சார்ஜனின் காதுக்குக் கேட்க. அவளுக்கு அது ஆச்சரியம் தீராத விஷயம். ஆமி என்றால் சிரிக்காத ஒன்று என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்திருந்தாளா? சிரித்தார்கள். ஊரில் சந்திச் சென்றியின் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து சிரிப்புக் கேட்கும். பிஸ்கட் தகரத்தில் ஒருவன் தாளம் போடுவான், ஒருவன் சிங்களத்தில் பாடுவான், மெல்லிசாக, அரும்பு மீசைக்காரன், மற்றவர்கள் குபீர் என்று சிரிப்பார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அவள் உடம்பெல்லாம் கூசும். எங்களைப் பற்றித்தான், என்னைப் பற்றித்தான், என்று நிச்சயமாக இருந்தாள். சட்டையை இழுத்து இழுத்து விடுவாள். இப்போது, நுரையை வழித்துக்கொண்டு நிற்கிறபோது, அந்தப் பாட்டிலும் ஒரு ஆடு இருந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வருகிறது. பருப்பில் உப்பில்லை என்று பாடினானோ என்னவோ. வந்தவுடன் அந்த எண்ணத்தை வேண்டாம் என்று தள்ளுகிறாள். பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன, அண்ணாவின் சைக்கிள் வேலியோடுதானே கிடந்தது. ஆனால் எண்ணம் போகவில்லை, கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டின மயிர் போல் அங்கேயே நிற்கிறது.

"நாடியைத் தூக்குங்கோ" என்றாள்.

தூக்கினார். கழுத்து. தோல் சுருங்கித் தொங்குகிற இடம், இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே வர வேண்டும். இந்த இடத்தில் அவர் வாயைத் திறக்க மாட்டார், மெட்டு மட்டும் தொண்டைக்குள் ஓடும், விரலுக்கு அதிர்வு தெரியும். ஒரு ஆமிக்காரனின் தொண்டையில் அவள் ரேசரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஒரு கணம் இந்த நினைப்பு வந்து போகும், பகிடியாக வரும், பகிடியாகப் போகும். இன்றைக்குப் போகவில்லை. ஆரணியை ஆமிப் பக்கம் இழுத்தது இந்தக் கிழவன்தான். இந்தத் தொண்டைதான். ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வருவாள், பின்னேர வேலை முடியும் வரை பார்க்க ஆள் இல்லை, இந்தக் கட்டிலின் கால்மாட்டில் இருந்து கணக்குச் செய்வாள். கணக்கா செய்தாள்? வைக்கோல் கால் வெறுங்கால் என்று நடைபாதை முழுக்க அணிவகுத்தாள், ஆர்ச்சி சார்ஜன், அவள் டேவி, அடுத்த அறைக் கிழவி ஆடு. அந்தக் கிழவி மே மே என்று கத்தினால் இல்லம் முழுக்கச் சிரிக்கும். சிவமலரும்தான் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள் என்று நினைத்தாள். இப்போது அவள் போகிறாள். காயப்பட்டவர்களைப் பார்க்கிற பிரிவு அம்மா, மருந்து கட்டப் படிப்பிப்பார்கள், மலை ஏறலாம், ஓடலாம். எல்லாம் சொன்னாள். சிவமலரின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு வாசலில் தன் பிள்ளை நின்று கொண்டு நில் ஆர் அங்கை என்பாள், ஒருத்தி அட்டையை நீட்டுவாள். அதை யோகனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆரணிக்கும் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் வாசல் மிதியாதை என்று வந்தது.

கை நின்றிருந்தது. ஆர்ச்சியின் தொண்டைக்குள் மெட்டும் நின்றிருந்தது. அவர் கண் மேலே கூரையைப் பார்த்தபடி இருந்தது. அசையவே இல்லை. பயப்படவும் இல்லை. அவளை நம்பி அப்படியே கழுத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஒரு தரம், நினைவு நல்லாக இருந்த காலத்தில், அவள் கேட்டிருக்கிறாள், நீங்களும் சென்றியில் நின்றனீங்களோ என்று. வெயில் கொளுத்துகிற ஏதோ ஒரு தீவில் நின்றிருக்கிறார், பத்தொன்பது வயதில், கட்டாய சேவைக்குப் பிடித்துப் போனார்கள். ஓம் என்றார். பொம்பிளையளையும் மறிச்சனீங்களோ? ஓம் என்றார். பிறகு சொன்னார். கூடை நிறைய முட்டையோடு ஒரு மனுசி வந்தாள், கூடையைக் கொட்டிக் காட்டு என்று சொன்னேன், அடியில் ஏதும் இருக்குமோ என்று. கொட்டினாள். அடியில் ஒன்றும் இல்லை. "அவள் நிலத்திலை குந்தினாள் பிள்ளை. உடைஞ்ச முட்டையிலை இருந்து நல்லதுகளைப் பொறுக்கினாள். நான் குனிஞ்சு உதவி செய்யேல்லை, சார்ஜன் பார்த்துக்கொண்டு நிண்டான்." அதைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லையா என்று அவள் கேட்டாள், கோபத்தோடுதான் கேட்டாள். ஆர்ச்சி தலையை ஆட்டினார். "அதுக்குப் பாட்டு இல்லை" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் அவள் இந்த மனிதரை மதிக்கிறாள். பாட்டு எதைச் சொல்லும் எதைச் சொல்லாது என்று தெரிந்து வைத்துக்கொண்டு பாடுகிறவர். முட்டைக்காரிக்குப் பாட்டு இல்லை, குகன் அண்ணாவுக்குப் பாட்டு இல்லை. அவள் மூச்சை விட்டாள், தோலை இழுத்துப் பிடித்தாள், ரேசர் மேலே வந்தது, சுத்தமாக, ஒரு கீறலும் இல்லாமல். மெட்டும் திரும்ப ஓடத் தொடங்கியது.

சண்டை. இந்த அடியைத்தான் ஆரணி திரும்பத் திரும்பக் கேட்பாள். டேவி கஞ்சி காய்ச்சுகிற பெரிய கிடாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். எதிரி சுடுகிறான், குண்டு கிடாரத்தில் பட்டு ஓட்டை விழுந்து படை முழுவதின் கஞ்சியும் மலைச்சரிவால் எதிரியின் முகாமுக்கு ஓடுகிறது. எதிரிகள் துவக்கை வைத்துவிட்டு விரலால் தொட்டு நக்கிப் பார்க்கிறார்கள். தூ, உப்பில்லை என்கிறார்கள். இப்படிக் கஞ்சி குடிக்கிறவனோடு என்ன சண்டை என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போர் முடிந்தது. ஒருவரும் சாகவில்லை. பாட்டில் செத்தது கிடாரம் ஒன்றுதான். உண்மையில் அந்தச் சண்டைகளில் எத்தனை டேவிகள் செத்திருப்பார்கள், பாடினவனுக்குப் பக்கத்தில் படுத்தவனே செத்திருப்பான். தெரிந்துகொண்டேதான் இப்படிக் கட்டியிருக்கிறான். எதிரிக்கும் ஒரு நாக்கு இருக்கிறது, அவனுக்கும் வீட்டில் உப்புப் போட்ட கஞ்சி இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் காற்றடித்துப் பாவாடையைத் தூக்கிவிடுகிறான். கெட்டிக்காரன். சிவமலர் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேச்சு, எத்தனையோ கூட்டம், எத்தனையோ மேடைப் பாட்டுக் கேட்டிருக்கிறாள், புலம்பெயர்ந்த நாட்டில் அதுக்கு என்ன குறை. இந்த ஒரு கிடாரத்துக்கு அவையெல்லாம் கிட்ட நிற்காது. ஆரணிக்கு அப்போது எட்டு வயது, கேட்டாள், "அம்மா, அந்த எதிரி ஆக்கள் பிறகு டேவியோடை சிநேகிதமோ?" நான் என்ன சொன்னேன் என்று யோசிக்கிறாள். வீட்டுப்பாடம் செய் என்று சொல்லியிருப்பாள்.

இடது கன்னம் மட்டும் மிச்சம். ராசா வந்து டேவியின் நெஞ்சில் பதக்கம் குத்துகிறார், உனக்கு என்ன வேண்டும் கேள் என்கிறார். டேவி உப்பு என்கிறான். ராசாவுக்கு உப்பு எங்கே இருக்கும் என்று தெரியாது, மந்திரிக்கும் தெரியாது, சமையல்காரி தெரிந்தவள், ஒரு சிரட்டை கொடுக்கிறாள். அதோடு கடைசி அடி. அவள் ரேசரை அலம்பிக்கொண்டு காத்து நின்றாள். பாட்டு வரவில்லை. ஆர்ச்சியின் வாய் திறந்திருந்தது. மெட்டின் தொடக்கத்தை இரண்டு தரம் பிடித்தார், இரண்டு தரமும் நழுவியது. நெற்றி சுருங்கியது. கை துவாயைப் பிசைந்தது. நினைவில் இருந்து எத்தனை பெயர்கள் போயின, நாட்கள் போயின, மகன் போனான், பாட்டு மட்டும் போகாது என்று இந்த இல்லத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளும் நினைத்திருந்தாள். ஆர்ச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார், பாதி முகம் வழுவழுவென்று, பாதி முகம் நுரையோடு. சின்னப் பிள்ளையின் கண்.

"பிள்ளை" என்றார். "பிறகு என்ன நடந்தது? பெடியன் வீட்டை வந்தானோ?"

வந்தானோ. அம்மாவும் இதைத்தான் கேட்டாள், சாகிற அன்றைக்குக் காலையிலும், தொலைபேசியில், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து, பெடியன் வந்திட்டானோ என்று. அப்போது சிவமலருக்குச் சொல்ல ஏதும் இருக்கவில்லை. இன்றைக்குச் சொல்ல இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் தெரியும், ஆனால் அவள் பாடுகிறவள் இல்லை, சாமியறையிலும் தேவாரத்தை முணுமுணுக்கிறவள்தான், யாரும் கேட்க வாய் திறந்ததில்லை. ஆர்ச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் இடது கன்னத்தில் ரேசரை வைத்தாள், ரேசர் பட்டால்தான் பாட்டு வரும் என்று கைக்குத் தெரியும், மெதுவாக ஒரு இழுவை இழுத்தாள், பாடத் தொடங்கினாள். என்ன பாஷையில் பாடுகிறோம் என்று பாதியில்தான் கவனித்தாள். "பதக்கம் குத்திப் படை முடிச்சு டேவி வந்தானாம், பையிலிருந்து உப்பெடுத்துக் கையில் தந்தானாம். அடுப்படியிலை நிண்ட மனுசி திரும்பிப் பாக்கேல்லை, ஆறிப்போச்சடா கஞ்சி எண்டாள், வேறை கேக்கேல்லை." மெட்டு சரியாக வந்து இறங்கியது. ஆர்ச்சிக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் கஞ்சி ஆறிப்போச்சு என்கிற இடத்துக்கு மெட்டு வந்ததும் அவர் முகம் விரிந்தது, முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரிச் சிரித்தார், நுரை துவாயில் தெறித்தது. "வந்திட்டான்" என்றார். "ஓம். வந்திட்டான்" என்றாள் அவள்.

வேறை கேக்கேல்லை. எங்கே போனாய் என்று டேவியின் தாய் கேட்கவில்லை, யாரைச் சுட்டாய் என்று கேட்கவில்லை, ஏன் போனாய் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதாலேயா அவன் வந்தான்? இல்லை, உப்பு வாங்கி வர வேண்டி இருந்தது, அதனால் வந்தான். அம்மா ஏன் சவுக்காரத்தை விடவே இல்லை என்று அவளுக்கு இப்போது ஒட்டுமொத்தமாக விளங்கியது. ரேசரைக் கிண்ணத்தில் போட்டாள். கையைத் துவாயில் துடைத்தாள். வேலை நேரத்தில் தொலைபேசி எடுக்கக் கூடாது, தெரியும், எடுத்தாள். ஆரணி வீட்டில் இருந்து வெளிக்கிட்டிருப்பாள், ரெயிலடிக்குப் போயிருப்பாள், ரெயில் ஏறியிருந்தாலும் ஏறியிருப்பாள். மணி அடித்தது. அடித்தது. எடுக்க மாட்டாள். எடுக்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

"அம்மா?"

"எங்கை நிக்கிறாய்?"

"ஸ்டேசனிலை. அப்பா கார் விட இடம் தேடுறார்."

யோசித்து வைத்த சொல் நிறைய இருந்தது, இரவு இரவாகக் கட்டிலில் கிடந்து அடுக்கி வைத்தவை, முட்டைக்காரியைப் பற்றி, குகன் மாமாவைப் பற்றி, உதவிக்குக் குனிய வேண்டிய இடத்தில் குனிவதைப் பற்றி. எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். மறுபக்கத்தில் ரெயில் அறிவிப்புக் கேட்டது, எந்த ஊர் ரெயில் என்று தெரியவில்லை.

"வரேக்கை உப்பு வாங்கிக்கொண்டு வா" என்றாள் சிவமலர்.

அறிவிப்பு முடிந்து, யாரோ பெட்டி உருட்டிக்கொண்டு போகிற சத்தம் வந்து, அதுவும் போனது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"கட்டி உப்போ, தூள் உப்போ?" என்றாள் ஆரணி.

"எது எண்டாலும் சரி. மறந்திடாதை."

"மறக்க மாட்டன்." மெல்ல, எட்டு வயதுக் குரலில் கேட்டாள். "உடுப்போடை வரலாமோ அம்மா?"

சிவமலர் ஆர்ச்சியைப் பார்த்தாள். அவர் அவளுடைய வேலை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, படத்தை விரலால் தடவிக்கொண்டு இருந்தார். திருப்பிக் கொடுக்க இன்றைக்கு மறந்துவிட்டார். அவளும் வாங்க மறந்துவிட்டாள்.

"வா" என்றாள். "எப்பிடி எண்டாலும் வா. கஞ்சி ஆறினால் சுடவைச்சுத் தாறன்."

ரெயில் வருகிறது என்று ஆரணி சொன்னாள், அப்பா ஓடி வாறார் என்றாள், போயிட்டு வாறன் என்றாள். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிவமலர் திரும்பினாள். ஆர்ச்சியின் இடது கன்னத்தில் நுரை காய்ந்துபோய் வெள்ளைப் பொருக்காகக் கிடந்தது, கிண்ணத்தில் தண்ணீரும் ஆறிவிட்டது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள்.